குற்றமும் மனமும்: இரண்டையும் ஒருங்கே கற்போர் எமக்குத் தேவை

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய மூன்றையும் சுற்றியே எமது வீடுகளின் பேச்சு சுழல்கின்றது. கலைப்பிரிவில் சித்தியடைந்த பிள்ளையிடம் "இனி என்ன செய்யப்போகிறாய்?" என்று இரக்கத்துடன் கேட்பது வழமையாகிவிட்டது. அண்மைக்காலமாக இந்தக் கேள்விக்குச் சில மாணவர்கள் புதியதொரு பதிலைக் கூறத் தொடங்கியுள்ளனர். பல்கலைக்கழகத்தில் குற்றவியலையும் உளவியலையும் ஒன்றாகக் கற்க விரும்புவதாக அவர்கள் சொல்கின்றனர். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்ததால் வந்த ஆசை இது என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவதும் உண்டு. திருகோணமலையைப் பொறுத்தவரை இது அவ்வாறு ஒதுக்கிவிடத்தக்க விருப்பம் அன்று என்பதே எமது கருத்தாகும்.

முதலில் ஒரு தெளிவு அவசியம். குற்றவியல் என்பது குற்றவியற் சட்டம் அன்று. எந்தச் செயல் குற்றம், அதற்குரிய தண்டனை யாது என்பதைச் சட்டம் கூறுகின்றது. அந்தக் குற்றம் எந்தச் சூழலில், எதனால், எவரால் புரியப்படுகின்றது, பாதிக்கப்பட்டவருக்கு அதன் பின்னர் என்ன நேர்கின்றது, வழங்கப்பட்ட தண்டனை பயனளித்ததா என்பனவற்றைக் குற்றவியல் ஆராய்கின்றது. மனித மனம் எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கின்றது, எவ்வாறு அஞ்சுகின்றது, எப்போது பிறர் சொல்லுக்கு இணங்கிப்போகின்றது என்பனவற்றை உளவியல் ஆராய்கின்றது. சட்டம் கற்றவர்கள் எமது சமூகத்தில் ஏராளமானோர் உள்ளனர். மற்றைய இரண்டையும் சேர்த்துக் கற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தக் குறைபாட்டின் விலையை இம்மாவட்ட மக்கள் நெடுங்காலமாகச் செலுத்தி வருகின்றனர்.

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற கைக்குண்டு வெடித்தே இறந்தனர் என முதலில் உத்தியோகபூர்வமாகக் கூறப்பட்டது. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச்சூட்டுக் காயங்கள் என்பதைச் சக ஊடகவியலாளரான சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த புகைப்படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். பகிரங்கமாகப் பேசத் துணிந்த ஒரு தந்தை அச்சுறுத்தல்களுக்கு மத்தியில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2013இல் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட சந்தேகநபர்கள் கைதுசெய்யப்பட்டனர். 2019ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை எனக் கூறி அவர்கள் 13 பேரையும் திருகோணமலை நீதிவான் நீதிமன்றம் விடுவித்தது.

மூதூர் பிரதேசத்தின் குமாரபுரத்தில் 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆம் திகதி பெண்களும் சிறுவர்களும் அடங்கலாக இருபதுக்கும் அதிகமான தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அந்த வழக்கின் தீர்ப்பு இருபது ஆண்டுகள் கடந்த பின்னர், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அனுராதபுர மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னிலையில் வெளியானது. குற்றஞ்சாட்டப்பட்டிருந்த ஆறு முன்னாள் இராணுவத்தினரும் விடுதலையாயினர். கிராமத்திலிருந்து வெகுதொலைவில், வேற்றுமொழி பேசும் நகரமொன்றில், இருபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு மாலைப்பொழுதை மீண்டும் நினைவுபடுத்திச் சொல்லுமாறு அந்த ஏழை மக்கள் கேட்கப்பட்டனர்.

2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் நகரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. இக்கொலையையும் மாணவர் கொலையையும் விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழுவைக் கண்காணிக்க வந்த சர்வதேசப் பிரமுகர் குழு, இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதியின் தலைமையில் செயற்பட்டது. 2008இல் அக்குழு தன் பணியை இடைநிறுத்தி விலகிக்கொண்டது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லாமை அக்குழு முன்வைத்த முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

துறைமுகத்தின் உள்ளேயும் இத்தகைய கதையொன்று உண்டு. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் அடங்கலாக 11 பேர் கடத்தப்பட்டனர். அவர்கள் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தடுத்துவைக்கப்பட்டிருந்ததாகக் குற்றப்புலனாய்வுத் திணைக்களத்தினர் நீதிமன்றத்தில் அறிக்கையிட்டனர். 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வருகைதந்த ஐக்கிய நாடுகள் சபையின் பலவந்தமாகக் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய செயற்குழுவினர் அத்தளத்தினுள் இருந்த இரகசியத் தடுப்பிடத்தை நேரில் பார்வையிட்டனர். ஆயினும் முன்னாள் கடற்படைத் தளபதி மீதான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்வதில்லை எனச் சட்டமா அதிபர் 2021இல் தீர்மானித்தார்.

இவையனைத்துக்கும் காரணம் குற்றவியலும் உளவியலும் தெரியாமையே என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது பாதிக்கப்பட்டோரை அவமதிப்பதாகும். அரசியல் விருப்பமின்மையும் தண்டனையின்மை என்ற நோயுமே முதற்காரணம் என்பதை எவரும் அறிவர். பட்டதாரிகள் சிலர் உருவாவதால் மட்டும் அந்த நோய் நீங்கிவிடாது. எனினும் எமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது. அரசியல் விருப்பம் என்றாவது ஒருநாள் பிறக்குமானால், அன்று எமது கையில் எஞ்சியிருக்கப்போவது என்ன? கண்கண்ட சாட்சிகள் முதுமையடைகின்றனர். பிள்ளைகளைத் தேடிய தாய்மார் பலர் அப்பிள்ளைகளின் புகைப்படங்களை வேறு எவரிடமேனும் ஒப்படைக்காமலேயே மறைந்துவிட்டனர். எஞ்சியோரின் வாக்குமூலங்கள் எந்த மன்றத்திலும் தாக்குப்பிடிக்கக்கூடிய முறையில் பதிவாகியுள்ளனவா? அவ்வாறு பதிவுசெய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் உள்ளனர்? இதற்கு எம்மிடம் நிறைவான பதில் இல்லை.

நினைவு என்பது பெட்டகத்தில் பூட்டிவைத்த பொருள் அன்று. இதனைக் கடந்த நூற்றாண்டு முழுவதும் ஆய்வாளர்கள் நிறுவி வந்துள்ளனர். 1908இலேயே ஹியூகோ மன்ஸ்டர்பேர்க் என்ற உளவியலாளர் சாட்சிக் கூண்டில் நிற்பவரின் நினைவு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்ற வினாவை எழுப்பி நூலொன்றை எழுதினார். 1974இல் எலிசபெத் லொப்டஸ் தமது சக ஆய்வாளருடன் நடத்திய பரிசோதனை உலகப் புகழ்பெற்றது. வாகன விபத்தொன்றின் படக்காட்சியை மாணவர்களுக்குக் காட்டி, வாகனங்கள் "முட்டியபோது" என்ன வேகத்தில் சென்றன என ஒரு சாராரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்ன வேகத்தில் சென்றன என இன்னொரு சாராரிடமும் அவர் வினவினார். கேள்வியில் ஒரு சொல் மாறியதால் பதில்களில் வேகம் கூடியது. அதுமட்டுமன்றி, இரண்டாவது சாராரில் அதிகமானோர் படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியையும் கண்டதாகப் பின்னர் கூறினர்.

அமைதியான வகுப்பறையில் இருந்த மாணவர்களுக்கே இந்நிலை எனில், துப்பாக்கியின் முன் நின்ற ஒரு தாயின் நினைவைக் கேட்டுப்பெறுவதற்கு எத்துணை பயிற்சி வேண்டும்? கடும் அச்சத்துக்கு உள்ளானவர் நடந்தவற்றை வரிசைக்கிரமமாகச் சொல்லாமல் துண்டுதுண்டாகச் சொல்வதுண்டு. துப்பாக்கியின் நிறத்தைத் துல்லியமாகக் கூறும் ஒருவர் நேரத்தைத் தவறாகக் கூறலாம். பயிற்சியற்ற விசாரணையாளர் அதனைப் பொய் என எழுதிக்கொள்கின்றார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த முரண்பாட்டைப் பற்றிக்கொள்கின்றார். அதேவேளை, உண்மையாகவே தவறாக அடையாளம் காட்டப்பட்டு நிரபராதிகள் சிறைசென்ற சம்பவங்களும் உலகில் ஏராளம். அமெரிக்காவில் மரபணுப் பரிசோதனை மூலம் நிரபராதிகள் என நிறுவப்பட்டு விடுதலையானோரின் வழக்குகளுள் பெரும்பாலானவற்றில் கண்கண்ட சாட்சியின் தவறான அடையாளப்படுத்தலே காரணமாக இருந்துள்ளது. ஆகவே இந்தக் கல்வி ஒரு தரப்புக்கு மட்டும் உதவுவதன்று. பாதிக்கப்பட்டவரின் சொல்லையும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமையையும் அது ஒருசேரக் காக்கின்றது.

குற்ற ஒப்புதல் வாக்குமூலம் என்ற விடயத்தை எடுத்துக்கொண்டால் இதன் தேவை மேலும் தெளிவாகும். இலங்கையின் சாதாரண சாட்சியச் சட்டத்தின்கீழ் பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லுபடியாகாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தை ஏற்க இடமளித்தது. நல்லரத்தினம் சிங்கராசா என்ற தமிழர் 1993இல் கைதுசெய்யப்பட்டு, இவ்வாறான ஒரு வாக்குமூலத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அந்த வாக்குமூலம் அவருக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்டிருந்தது. மொழிபெயர்த்தவரும் பொலிஸ்காரரே. அவரது நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாக ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் தீர்மானித்த போதிலும், 2006இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.

மனிதர் தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வரா என்ற ஐயம் பலருக்கு எழக்கூடும். ஐஸ்லாந்தைச் சேர்ந்த கிஸ்லி குட்ஜோன்சன் முதலில் பொலிஸ் புலனாய்வாளராகப் பணியாற்றியவர். செய்யாத திருட்டை ஒருவர் தம்மிடமே ஒப்புக்கொண்டதைக் கண்ட அவர் பின்னர் உளவியல் கற்று, விசாரணையின்போது ஒருவர் எவ்வளவு தூரம் பிறர் சொல்லுக்கு இணங்கிப்போவார் என்பதை அளவிடும் முறையொன்றை 1984இல் வெளியிட்டார். பிரித்தானியாவில் குண்டுவெடிப்புக் குற்றச்சாட்டில் நீண்டகாலம் சிறையிருந்த "கில்ட்போர்ட் நால்வர்" 1989இலும் "பேர்மிங்ஹாம் அறுவர்" 1991இலும் விடுதலையான வழக்குகளில் அவரது ஆய்வு பங்களித்தது. இத்தகைய அநீதிகள் அம்பலமானதன் பின்னரே இங்கிலாந்துப் பொலிஸார் 1990களின் தொடக்கத்தில், ஒப்புதலைப் பிடுங்குவதை விடுத்துத் தகவலைத் திரட்டுவதை நோக்கமாகக் கொண்ட புதிய விசாரணை முறைக்கு மாறினர். குற்றத்தையும் மனத்தையும் ஒருங்கே அறிந்த ஒருவரால் ஒரு நாட்டின் நீதித்துறையில் என்ன மாற்றத்துக்கு வழிகோல முடியும் என்பதற்கு இதுவே சான்று.

முஸ்லிம் மக்களுக்கு இதனை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தினத்தில் நிகழ்ந்த கொடூரத் தாக்குதல்களில் 250க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் ஒரு சிலரின் பாதகச் செயல் ஒரு சமூகத்தின் இயல்பாகச் சித்திரிக்கப்பட்டது. குருநாகலில் பணியாற்றிய வைத்தியர் ஷாபி சிஹாப்தீன், பல்லாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற செய்தி ஒரு பத்திரிகையில் வெளியானது. அவர் கைதானதும் நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய முன்வந்தனர். அதற்கு ஆதாரம் இல்லை எனக் குற்றப்புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. 2022இல் நிலுவைச் சம்பளத்துடன் அவர் மீண்டும் சேவையில் அமர்த்தப்பட்டார். அந்தப் பெண்கள் அனைவரும் பொய் சொன்னார்களா? அவர்களுட் பலர் தாம் அஞ்சியதை உண்மையாகவே நம்பியிருப்பர் என்றே நாம் எண்ணுகின்றோம். வதந்தி எவ்வாறு அச்சமாகவும், அச்சம் எவ்வாறு முறைப்பாடாகவும் மாறுகின்றது என்பதை விளக்க வல்லவர்கள் அன்று பகிரங்கத்தில் பேசியிருப்பின் ஒரு குடும்பத்தின் துன்பம் குறைந்திருக்கும்.

அதேபோன்று "நவரசம்" என்ற தமிழ்க் கவிதை நூலை எழுதிய இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதுசெய்யப்பட்டார். அந்நூலில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தடுப்பில் இருந்த பின்னரே பிணை கிடைத்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தமிழில் எழுதப்பட்ட ஒரு கவிதையின் பொருளை, எழுதியவரின் மனநிலையை, தமிழ் அறியாதவர்கள் தீர்மானித்த அவலம் அது. சிங்கராசாவின் கைவிரல் அடையாளத்துக்கும் ஜஸீமின் கவிதைக்கும் இடையில் கால்நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. தமிழ் பேசும் இரு சமூகங்களும் ஒரே வாயிலில் இடறி விழுந்துள்ளன என்பதை அவ்விரு வழக்குகளும் உணர்த்துகின்றன.

இந்தக் கல்வியின் ஆபத்துகளையும் நாம் மறைத்தலாகாது. 1876இல் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்புரோசோ, குற்றவாளிகள் பிறவியிலேயே அவ்வாறு பிறக்கின்றனர், முகத்தையும் மண்டையோட்டையும் கொண்டு அவர்களை இனங்காணலாம் என எழுதினார். அவருக்கு முன்னரே, 1871இல், ஆங்கிலேயர் இந்தியாவில் முழுச் சமூகங்களையும் "குற்றப் பரம்பரை" எனப் பதிவுசெய்யும் சட்டத்தை இயற்றியிருந்தனர். தமிழகத்தின் பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி அச்சட்டத்தை எதிர்த்த மக்கள் சுடப்பட்டு மாண்டனர். எமது காலத்திலும் உண்மையறியும் ஊசி, பொய்யறியும் கருவி என்ற பெயர்களில் உளவியல் பொலிஸாரின் கைக்கருவியாக்கப்பட்டது. சம்மதமின்றி அவற்றைப் பயன்படுத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஒரு சமூகத்தையே சந்தேகத்துக்குரியதாகக் காட்டுவதற்கும் இந்த அறிவு பயன்படலாம். அதனாலேயே சந்தேகிக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் இதனைக் கற்க வேண்டும் என்கின்றோம். பிறர் எம்மைப் பற்றி எழுதும் அறிக்கைகளை வாசித்து, அவற்றின் பிழையை அந்தத் துறையின் மொழியிலேயே சுட்டிக்காட்ட அவர்களால் முடியும்.

பெரும் வழக்குகளை விடுத்து அன்றாட வாழ்வுக்கு வருவோம். ஹெரோயினும் ஐஸ் எனப்படும் போதைப்பொருளும் கடல்வழியாக நாட்டினுள் வருகின்றன. கரையோர மாவட்டமான எமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. திருகோணமலை, கிண்ணியா, மூதூர் எங்கும் பெற்றோர் இதனைக் குறித்துத் தாழ்ந்த குரலில் பேசுகின்றனர். பிடிபடும் இளைஞன் விளக்கமறியலுக்குச் செல்கின்றான். நாட்டின் சிறைச்சாலைகள் அண்மைய ஆண்டுகளில் கொள்ளளவைப் போல் இரு மடங்குக்கும் அதிகமானோரை அடைத்து வைத்துள்ளன. அங்கிருப்போரில் பெரும்பகுதியினர் போதைப்பொருட் குற்றங்களுடன் தொடர்புடையோர். விற்பவனும் அடிமையானவனும் ஒரே கூடத்தில் உறங்கி எழுகின்றனர். எவனுக்குத் தண்டனை, எவனுக்குச் சிகிச்சை என்பதைப் பிரித்தறிய உதவும் அறிக்கையை நீதிவானுக்கு எழுதித்தர ஆட்கள் போதாது.

சட்டமும் உளவியலும் இணைந்தபோது உயிர்கள் காக்கப்பட்டதற்கு எமது நாட்டிலேயே சான்று உண்டு. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 ஆக, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. அக்காலத்தில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. நஞ்சருந்திப் பிழைத்தவரின் குடும்பம், வைத்தியசாலைக்குச் செல்வதா, பொலிஸாருக்குப் பயந்து மறைப்பதா எனத் தடுமாறியது. 1998இல் அது குற்றம் அல்லவென ஆக்கப்பட்டது. கொடிய பீடைகொல்லிகளும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் அந்த வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. பீடைகொல்லித் தடையே இதற்கான பிரதான காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். துன்பத்தைக் குற்றமாகப் பார்ப்பதை நிறுத்தி, உயிர்மாய்க்கும் வழியை எட்டாமற் செய்ததே அங்கு கையாளப்பட்ட முறை. அவ்வாறே, குற்றப்பொறுப்புக்கான ஆகக்குறைந்த வயது 8 இலிருந்து 12 ஆக 2018இல் உயர்த்தப்பட்டது. 12 முதல் 14 வயது வரையான பிள்ளைக்குப் போதிய முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதிவான் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு உதவக்கூடிய, அப்பிள்ளையின் மொழியைப் பேசுகின்ற ஒருவர் எங்கே இருக்கின்றார்?

இத்துறையில் தமிழுக்கு மரபே இல்லை என்றும் கூறிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை 1983 முதல் இயங்கி வருகின்றது. அதனைக் கட்டியெழுப்பிய பேராசிரியர் கு. சொக்கலிங்கம் பின்னர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். குற்றவாளியை மட்டுமன்றிப் பாதிக்கப்பட்டவரையும் ஆய்வின் மையத்தில் வைக்கும் பாதிக்கப்பட்டோரியலை இந்தியாவில் வளர்த்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. எமது மண்ணில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிச் சமூகத்தின் கூட்டு மனத்தையும் காயப்படுத்துகின்றது என்பதை 1998இல் வெளியான ஆங்கில நூலிலும் பின்னர் எழுதிய ஆய்வுகளிலும் விளக்கினார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அனுபவிக்கும், துக்கம் காக்கவும் முடியாத நம்பவும் முடியாத நிலையை "முடிவு தெரியாத இழப்பு" என உளவியல் வகைப்படுத்தியுள்ளது. 2017 முதல் வடக்குக் கிழக்கின் வீதியோரங்களில் அமர்ந்த தாய்மாரை அறிந்த எவருக்கும் அது வெறும் கலைச்சொல்லாகத் தோன்றாது.

எனினும் இலங்கையில் இவ்விரு துறைகளும் தனித்தனித் தீவுகளாகவே உள்ளன. குற்றவியலைத் துறையாகக் கொண்டது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம். உளவியலைப் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கற்கலாம். இரண்டையும் இணைத்துத் தமிழ்மொழி மூலம் கற்கும் முழுமையான வாய்ப்பு எமது மாணவருக்கு எட்டாத தூரத்தில் உள்ளது. இந்நிலையில், கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இதற்கான இயல்பான இடம் என நாம் கருதுகின்றோம். அங்கு தொடர்பாடலும் மொழிகளும் வணிகமும் பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்ட மக்களில் பத்தில் ஏழு பேர் தமிழ் பேசுவோர். மூன்று இனங்களும் அருகருகே வாழும் மாவட்டமும் இதுவே. நீதிமன்றம், சிறைச்சாலை, பொது வைத்தியசாலை, துறைமுகம் யாவும் ஒரு பஸ் பயணத் தூரத்தில் உள்ளன.

இத்தகைய கற்கைநெறி வெறும் பாடப்புத்தகக் கல்வியாக அமைந்துவிடலாகாது. மாணவர் நீதிமன்றத்தில் அமர்ந்து சாட்சி விசாரணையைக் கேட்க வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தருடன் வீடுகளுக்குச் செல்ல வேண்டும். பிள்ளையிடமும் அச்சமுற்றவரிடமும் எவ்வாறு கேள்வி கேட்பது என்பதைப் பயில வேண்டும். கலைச்சொற்கள் தமிழில் இருப்பதுடன் சிங்களமும் கட்டாய பாடமாக வேண்டும். ஏனெனில் அறிக்கையை வாசிக்கப்போகும் அதிகாரி பெரும்பாலும் சிங்களம் பேசுபவராக இருப்பார். பெண் மாணவிகளை இதில் ஊக்குவிப்பது விசேடமாக அவசியம். தமக்கு நேர்ந்ததை ஆண் அதிகாரியிடம் கூற முடியாமல் மௌனமாகும் பெண்கள் எமது இரு சமூகங்களிலும் உள்ளனர்.

தொழில் கிடைக்குமா என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. பட்டம் பெற்றவுடன் உளவியலாளர் என்ற பெயர்ப்பலகை மாட்ட முடியாது. சிகிச்சை வழங்கும் உளவியலாளராக விரும்புவோர் பட்டப்பின் பயிற்சியும் பதிவும் பெறவேண்டும். ஆனால் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவை, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை, பிரதேச செயலகங்களின் உளவளத்துணைப் பிரிவு, சிறைச்சாலைகளின் புனர்வாழ்வுப் பிரிவு, பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம், பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்பு அதிகாரசபை, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய அலுவலகம் என இந்த அறிவு தேவைப்படும் இடங்கள் பல. சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு 2023இல் புதுப்பிக்கப்பட்டது. அதனைத் தமிழ் பேசும் சாட்சியின் வாசற்படி வரை கொண்டுசெல்ல ஆட்கள் வேண்டும். இப்பதவிகளுக்கு ஆட்களைச் சேர்க்கும்போது உரிய கல்வித் தகைமையை அரசாங்கம் நிபந்தனையாக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் கிழக்குப் பல்கலைக்கழக நிர்வாகமும் எமது மக்கள் பிரதிநிதிகளும் இது குறித்து ஒன்றாக அமர்ந்து பேசுதல் வேண்டும்.

பட்டப்படிப்பு உருவாக ஆண்டுகள் செல்லலாம். அதுவரை ஒரு சான்றிதழ்ப் பாடநெறியுடன் தொடங்குவதற்குப் பெரும் கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. ஓய்வுபெற்ற நீதிபதிகள், சட்ட வைத்திய அதிகாரிகள், உளமருத்துவர்கள் ஆகியோரின் அனுபவத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். குமாரபுரத்தில் அன்று சிறுவர்களாக இருந்தோர் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் கண்டதை உரிய முறையில், அவர்களது மொழியில், அவர்களை மீண்டும் காயப்படுத்தாமல் கேட்டு எழுதிவைக்கும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. குற்றவியலும் உளவியலும் படிக்கப்போவதாகக் கூறும் எமது மாணவ மாணவியருக்கு அந்தப் பணியை நினைவூட்டுவோம். அவர்கள் செல்லும் வழியைத் தடுக்காதிருக்குமாறு பெற்றோரையும், அவ்வழியைத் திறந்துவிடுமாறு பொறுப்பிலுள்ளோரையும் கேட்டுக்கொள்கின்றோம்.